சங்கப் பொறுப்பு வந்தால்...

மதுரையில் திருநகர், விளாங்குடிப் பக்கம் குடியிருப்போர் சங்கத்தில் சம்பளமில்லாத பொருளாளர் பதவி உங்களைத் தேடி வந்தால், பதிவுச் சான்றிதழ், துணைவிதி, தீர்மானப் புத்தகம், பாஸ்புக் எல்லாவற்றையும் பட்டியல் எழுதிக் கையெழுத்துடன் வாங்குங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. மறுபடி நிற்கலாம்; ஆனால் "அண்ணனே தொடரட்டும்" என்று கைதட்டிக் கலையாமல் தேர்தல் நடத்துங்கள். குழுவில் மாற்றம் இருந்தால் படிவம் 7-ல் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவியுங்கள். பொதுக்குழுவைச் சித்திரைத் திருவிழாவில் வைக்காதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும்போது கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு யார் வருவார்?

சண்டை பெரும்பாலும் தண்ணீர் லாரி, மோட்டார் ரிப்பேர் பில்களில்தான் கிளம்பும். காசோலைக்கு இரண்டு கையெழுத்து கட்டாயம். குழு உறுப்பினரின் மைத்துனரே போர்வெல் போடுபவர் என்றால், விலைப்புள்ளி பிரிக்கும்போது அந்த உறுப்பினர் வெளியே போய்விட வேண்டும். போனதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். இது கூச்சமான வேலைதான், ஆனால் பின்னால் வரும் பேச்சைத் தடுக்கும்.

மாத வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பாக்கி வைத்தவர்களின் பெயரை மட்டும் ஒட்ட வேண்டாம். நேரில் போய்க் கேட்டால் பணம் சீக்கிரம் வரும்.