கணுக்கால் அளவுத் தண்ணீர்

தரமணி

அன்புள்ள கண்ணம்மா,

நவம்பர் மழை விட்ட மறுநாள் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போயிருக்கிறாய். தண்ணீர் தளும்பி நின்றதாம், பறவையைத்தான் காணோமாம். "இவ்வளவு தண்ணீர் இருந்துமா, தாத்தா?" என்று கேட்டிருந்தாய். அவ்வளவு தண்ணீர் இருந்ததுதான் காரணம்.

பவளக்கால் உள்ளானை எடுத்துக்கொள். உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் குச்சி குச்சியாய்ச் சிவந்த கால். நீந்திப் பிழைக்கிற ஜாதி இல்லை அது. நடந்து நடந்து ஊசி மூக்கால் பூச்சி பொறுக்கும். தண்ணீர் வயிற்றைத் தொட்டால் இடத்தைக் காலி செய்துவிடும். கொசு உள்ளான் இன்னும் குள்ளம். எடை சுமார் 25 கிராம், காலோ இரண்டு விரல் உயரம்கூட இராது. ஆர்க்டிக் ஓரத்திலிருந்து அவ்வளவு தூரம் பறந்து வருவது ஈரச் சேற்றுக்காகத்தான். பூநாரை கொஞ்சம் ஆழம் தாங்கும். தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை வடிகட்டித் தின்னும். ஊசிவால் வாத்து மிதந்தபடியே குப்புறக் கவிழ்ந்து, கழுத்து எட்டுமட்டும் மேயும். அதற்கும் மேல் ஆழம் போனால் முக்குளிப்பானும் நீர்க்காகமும்தான். என்னைக் கேட்டால் பொதுப்பணித்துறையின் அளவுக்கம்பமே வேண்டாம், யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தே ஆழத்தைச் சொல்லிவிடலாம். இதைக் கேட்டுக் கேட்டு உன் பாட்டிக்குச் சலித்துவிட்டது.

ஒக்கியம் மடுவு வழியாகத் தண்ணீர் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு வடிந்து, மிச்சத்தை வெயில் குடித்து, ஜனவரி கடைசியில் சேறு தலைகாட்டும். அப்போது போ.

"சதுப்பைத் தூர்வாரி ஆழப்படுத்துங்கள்" என்று யாராவது பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். குப்பையும் கட்டடமும் தின்றது போக, பட்டியலில் இடம்பெற்றது சுமார் 1,248 ஹெக்டேர். அதையும் பள்ளம் பறித்துக் குளமாக்கினால் உள்ளான் எங்கே நிற்கும்? குப்பை கொட்டுகிறவனாவது பறவைக்கு நல்லது செய்வதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

மா. கிருஷ்ணனைப் படித்தாயா? நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர், தமிழிலும் எழுதினார். அவரைப் படித்த பிறகுதான் காக்கையைக்கூட உட்கார்ந்து பார்க்கும் பொறுமை எனக்கு வந்தது. 'மழைக்காலமும் குயிலோசையும்' என் அலமாரியில் இருக்கிறது. எடுத்துப் போ, ஆனால் திருப்பித் தா.

பள்ளிக்கரணையிலிருந்து திரும்பும் வழியில் கிண்டிச் சிறுவர் பூங்காவில் இறங்கு. பக்கத்துத் தேசியப் பூங்காவுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். குளிர்காலத்தில் மர நிழலில் சருகைக் கிளறிக்கொண்டு ஆறுமணிக்குருவி தென்படலாம். பார்த்தால், தயவுசெய்து 'ஃபாரின் பறவை' என்று கூவாதே. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டும் நம் நாட்டுப் பறவை அது.

பள்ளிக்கரணைக்கு விடிந்ததும் போய்விடு. வெள்ளைச் சட்டை வேண்டாம். ரேடியல் சாலையில் லாரிக்குக் குறுக்கே நிற்காதே. வெயில் முதுகில் விழும்படி நின்று மேற்கே பார். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புத்தான்.

ஆசிகளுடன்,
தாத்தா