ஒரு காணிக்கு எவ்வளவு?

நான் எடுத்த முதல் வீடியோ 58 விநாடி. வரப்பில் நின்றுகொண்டு, "குறுகிய கால நெல்லுக்கு மேலுரமா ஒரு தடவைக்கு ஹெக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்து கொடுக்கணும்" என்று சொன்னேன். கல்லூரியில் படித்தது, பரிந்துரையில் ஒரு பிழையும் இல்லை. காட்டேரிக்குப்பத்திலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் அது வாட்ஸ்அப்பில் கைமாறிக்கொண்டே போனது.

சில வாரம் கழித்து, பெரியப்பா முறையுள்ள ஒருவர் வீட்டுக்கு வந்தார். அரைக் காணியில் சொர்ணவாரிப் பட்டத்து நெல் நட்டிருந்தார். "நீ சொன்ன மாதிரியே 35 கிலோ யூரியா போட்டேம்மா. பயிர் கருகருன்னு ஏறிச்சு. இப்போ அடியில புகையான் புடிச்சிருக்கு. வந்து பாரேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. படித்த பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை அப்போதும் அவரிடம் இருந்தது. அதுதான் என்னை அன்று இரவு தூங்கவிடவில்லை.

அவர் வயலுக்குத் தேவைப்பட்டது 20 கிலோதான். எங்கள் புதுச்சேரிக் கணக்கில் 576 சதுர அடி ஒரு குழி, நூறு குழி ஒரு காணி. ஏக்கரில் சொன்னால் ஒன்றேகாலுக்குச் சற்று மேல். ஹெக்டேரில் பாதியும் கொஞ்சமும். பட்டாவில் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன அளவு இருக்கும். வாயில் இருப்பது காணியும் குழியும். நான் பட்டாவின் மொழியில் பேசியிருக்கிறேன். அடுத்த தவறு இன்னும் பெரியது: தழைச்சத்து என்றால் யூரியா என்றுதான் ஊரில் பொருள். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்குதான் தழைச்சத்து என்பதை நான் சொல்லவே இல்லை. எனக்கு அது மூச்சு விடுவது போலத் தெரிந்த விஷயம். சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

யூரியா மிஞ்சினால் பயிர் அடர்ந்து தழைக்கும். அந்த நிழலும் ஈரமும்தான் புகையான் பூச்சிக்குத் தொட்டில். அது தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூர்க்கட்டில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் பயிர் செழிப்பாகத்தான் தெரியும். பெரியப்பா குனிந்து தூரை விலக்கிப் பார்த்த நாளில் காலம் கடந்திருந்தது. தண்ணீரை வடித்து, பயிரைப் பிரித்துக் காற்றோட்டம் கொடுத்து, மீதியைக் காப்பாற்றினோம்.

அந்த வீடியோவை அழித்துவிட்டு, கணக்கை மறுபடி போட்டேன். ஹெக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்து என்றால் காணிக்கு 40 கிலோ யூரியா. ஒரு மூட்டை 45 கிலோ. ஆகவே புதிய வீடியோவில் மூட்டையைப் பிரித்து, அஞ்சு கிலோவை எடுத்துத் தனியாக வைத்தேன். "குறுகிய கால நெல்லு, ஒரு தடவை மேலுரம், ஒரு காணிக்கு இவ்வளவுதான். அரைக் காணின்னா இதுல பாதி." 30 விநாடிகூட ஆகவில்லை. அதைப் பார்த்து ஒருவரும் என்னிடம் சந்தேகம் கேட்டு வரவில்லை.

எங்கள் வட்டாரத்தில், அறிவியலை ஊர் மொழியில் சொல்லும் இந்த வேலையைச் செல்போன் வருவதற்கு முன்பே செய்தவர்கள் உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்து மீனவர்களுக்காக அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். காற்றழுத்தப் பாடம் எதுவும் கிடையாது. இன்று அலை எவ்வளவு உயரம் வரும் என்பதுதான் செய்தி; கட்டுமரத்தைத் தள்ளுவதா வேண்டாமா என்று கேட்பவர் முடிவெடுத்துக்கொள்வார். குறும்படம் எடுக்க வருகிற எந்த இளைஞருக்கும் நான் முதலில் சொல்வது இந்த ஒலிபெருக்கிக் கதையைத்தான். ஓர் அறிவியல் முழுவதையும் ஒரு நிமிடத்தில் அடைக்கப் பார்க்காதீர்கள். பார்ப்பவர் நாளைக் காலை எடுக்க வேண்டிய முடிவு எது என்று தேடுங்கள்.

அடுத்து, காட்சியே ஏமாற்றும் என்பதை இலை வண்ண அட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தது. பச்சையின் பல சாயல்கள் எண்ணிட்ட பட்டைகளாக உள்ள அட்டை அது. காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள், நம் நிழல் இலைமேல் விழும்படி நின்று, முழுசாக விரிந்த இளம் இலையை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். பத்து இலையில் ஆறு, எல்லை எண்ணைவிட வெளிறியிருந்தால்தான் யூரியா. பெரும்பாலான ரகங்களுக்கு நான்காம் எண், வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் எண் எல்லை. இதை அழகாகப் படம் பிடித்துப் போட்டேன். சில நாளில் ஒருவர், படத்தை நிறுத்திவைத்துப் போன் திரைமேலேயே இலையை வைத்துப் பார்ப்பதைக் கண்டேன். கேமரா தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றும். ஒவ்வொரு போனிலும் பச்சை வேறு. இப்போது அந்த வீடியோவின் முதல் வார்த்தையே, "போன்ல ஒத்துப் பார்க்காதீங்க, அட்டையைக் கையில வாங்குங்க" என்பதுதான்.

பரவுகிற வீடியோவுக்கு ஊரும் இல்லை, மாதமும் இல்லை. சொர்ணவாரிக்குச் சொன்னது சம்பாவில் வந்து சேரும், நெல்லுக்குச் சொன்னது கரும்புக்காரர் கைக்குப் போகும். பயிர், பட்டம், வயது மூன்றையும் படத்தின்மேலேயே பெரிய எழுத்தில் தொடக்கம் முதல் முடிவுவரை போடுகிறேன். கீழே தனியாக எழுதினால் அனுப்பும்போது அது கழன்றுவிடும். சத்தத்தை அணைத்துப் பார்ப்பவரும் நிறைய. அவர்களுக்கும் அந்த எழுத்துதான் துணை.

பூச்சிமருந்தின் அளவை மட்டும் நான் குறும்படத்தில் சொல்வதே இல்லை. எத்தனையோ பேர் கேட்டும் மறுத்துவிட்டேன். மருந்துக்கு மருந்து, பயிருக்குப் பயிர், தெளிப்பானுக்குத் தெளிப்பான் அது மாறும். தவறினால் ஆள் உயிருக்கே ஆபத்து. டப்பாவில் உள்ள நிற முக்கோணத்தை மட்டும் விளக்குகிறேன்: சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சையும் நஞ்சுதான். அளவுக்கு, குரும்பாப்பேட் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள் என்று சொல்லி முடித்துவிடுவேன். ஒரு நிமிடத்தில் சொல்லக் கூடாதவை உண்டு என்று ஒப்புக்கொள்வதும் இந்த வேலையின் ஒரு பகுதி.

இப்போது எந்த வீடியோவைப் போடுவதற்கு முன்னாலும் பெரியப்பாவிடம் ஒரு தடவை காட்டுகிறேன். "புரிஞ்சுதா?" என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் என் மனம் நோகாமல் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார். "நாளைக்கு வயல்ல என்ன செய்வீங்க பெரியப்பா?" என்று கேட்கிறேன். அவர் பதில் நான் நினைத்ததிலிருந்து விலகினால் வீடியோவைத் திருத்துகிறேன். புகையான் வீடியோவை நாலு தடவை எடுத்தேன்.

ஏதோ ஒரு துறையை ஆழமாகக் கற்ற தம்பி தங்கைகள் ஊருக்கு ஊர் இருக்கிறீர்கள். மருந்துக் கடை, மின்சாரம், வங்கிக் கடன், பத்திரப் பதிவு, எதுவானாலும் எடுங்கள், தயங்காதீர்கள். எடுத்ததை வெளியில் விடுமுன் உங்கள் தெருவில் அந்தத் துறை தெரியாத ஒருவரைத் திண்ணையில் உட்காரவைத்துக் காட்டி, அவர் நாளைக்கு என்ன செய்யப்போகிறார் என்று கேட்டுவிடுங்கள்.