மலையணிலும் மதிலணிலும்

கேள்வி: மட்டாஞ்சேரி குஜராத்தி சாலைக்குப் பக்கத்தில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. கணவர் சுக்கு, மிளகு வியாபாரம் செய்கிறார். சென்ற கோடை விடுமுறையில் லடாக்குக்குப் போயிருந்தோம். பாங்காங் ஏரிக்குப் போகும் வழியில், மண்ணில் வளை தோண்டி வாழும் கொழுத்த அணில் போன்ற பிராணிகள் சாலையோரத்தில் நிமிர்ந்து நின்றன. எல்லோரும் பிஸ்கட் கொடுத்தார்கள். எங்கள் குழந்தைகளும் கொடுத்தார்கள். ஊர் திரும்பியதிலிருந்து, எங்கள் கொல்லை மதிலுக்கு வரும் அணில்களுக்கும் தினமும் ஏதாவது வைக்க வேண்டும் என்று பிடிவாதம் செய்கிறார்கள். வாயில்லா ஜீவனுக்கு உணவிடுவது புண்ணியம் என்று அயல்வீட்டு குஜராத்திப் பெரியவரும் சொல்கிறார். என்ன வைக்கலாம், எவ்வளவு வைக்கலாம்? மழைக்காலத்தில் கூட்டிலிருந்து அணிற்பிள்ளை விழுந்தால் பால் கொடுத்து வளர்க்கலாமா?
— ஒரு வாசகி, மட்டாஞ்சேரி, கொச்சி

பதில்: தாங்கள் மலைமேல் கண்டது இமாலய மார்மோட் என்னும் பிராணி. உடல் பருத்து, வால் குறுகி, பூனையிலும் பெரியதாக இருப்பதால், அதற்கும் நம் கொல்லை அணிலுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று தோன்றக்கூடுமாயினும், உயிர்நூலார் அதனை அணில் குடும்பத்திலேயே, அதிலும் மரமேறுவதை விட்டு மண்ணைத் தோண்டி வாழும் தரையணில் பிரிவிலேயே வைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் கலஹாரியில் தன் வாலையே தலைக்குமேல் குடையாகப் பிடித்துக்கொண்டு வெயிலில் மேயும் அணிலும், அமெரிக்கப் பாலைநிலங்களில் வளை தோண்டி வாழும் அணில்களும் இதற்கு உறவினரே. கொச்சியில் ஓராண்டில் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்ய, லடாக்கின் லே நகரத்தில் அதே ஓராண்டில் பெய்வது சுமார் 100 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அவ்விடத்தைக் குளிர்ப் பாலைவனம் என்று சொல்வதன் நியாயம் விளங்கும்.

இப்பிராணியைப் பற்றி ரசமான விஷயம் ஒன்று உண்டு. இந்தியாவின் வடக்கு எல்லையில் மணலோடு பொன்னையும் தோண்டி வெளியே தள்ளும் பெரிய எறும்புகள் இருப்பதாக ஹெரோடோட்டஸ் என்ற கிரேக்க ஆசிரியர் எழுதிவைத்தார். மகாபாரதத்தின் சபா பர்வத்திலும், தருமபுத்திரருக்கு வந்த காணிக்கைகளுள் எறும்புகள் தோண்டிய பொன் என்று ஒன்று கூறப்படுகிறது. அந்த எறும்பு உண்மையில் மார்மோட்டே என்றும், அது வளை தோண்டும்போது வெளிவரும் மண்ணிலிருந்தே மலைவாசிகள் பொன் துகள் அரித்தார்கள் என்றும், மிஷேல் பெஸெல் என்னும் பிரெஞ்சு யாத்திரிகர் 1984-இல் வெளியிட்ட நூலில் வாதித்தார். எல்லா அறிஞரும் அதனை ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அப்பிராணியின் ஜீவனம் முழுவதும் மண்ணுக்குள் அது தோண்டும் அந்த வளையையே ஆதாரமாகக் கொண்டது என்பதில் ஐயமில்லை. ஆண்டில் ஏறத்தாழப் பாதிக் காலம், வெளியே பனி மூடிக் கிடக்க, அது தன் சுற்றத்தோடு அவ்வளையின் ஆழத்திலே ஒடுங்கி உறங்குகிறது. தேகத்தின் உஷ்ணம் தணிந்து, சுவாசமும் நாடியும் மந்தமாகி, கோடையில் சேர்த்துக்கொண்ட கொழுப்பு ஒன்றைக் கொண்டே உயிர் தரித்திருக்கிறது. அக்கொழுப்பை அது சேர்ப்பது, சில மாதங்களே பசுமையாயிருக்கும் புல்லிலிருந்தும் பூண்டிலிருந்தும் வேரிலிருந்தும்.

இத்தகைய பிராணிக்குச் சர்க்கரையும் உப்பும் மைதாவும் கலந்த பிஸ்கட்டை நீட்டுவது அன்பின் காரணமாகத்தான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அன்பு மார்மோட்டின் வயிற்றோடு நிற்பதில்லை. அதன் சுபாவத்தையே மாற்றிவிடுகிறது. ஆள் வந்தால் விசில் போன்ற ஒலி எழுப்பிச் சுற்றத்தை எச்சரித்து வளைக்குள் மறைவதே அதற்கு அமைந்த பாதுகாப்பாயிருக்க, கார் நின்றால் பிஸ்கட் வரும் என்று கற்றுக்கொண்ட மார்மோட் சாலைக்கே வந்து நிற்கிறது. சக்கரத்துக்கும், ராணுவ முகாம்களைச் சுற்றியும் சுற்றுலா விடுதிகளைச் சுற்றியும் பெருகியுள்ள நாய்களுக்கும் இரையாகிறது. சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ள பிராணி அது.

மனிதருக்கும் இதில் அபாயம் உண்டு. மார்மோட் இனங்கள் சில, பிளேக் கிருமிக்கு இயற்கையான இருப்பிடமாக உள்ளவை. திபெத்தியப் பீடபூமியில் இந்த இமாலய மார்மோட்டே அவ்வாறு இருக்கிறது. 1910-ஆம் ஆண்டின் இறுதியில், சைபீரிய மார்மோட்டைத் தோலுக்காக வேட்டையாடியவர்களிடம் தொடங்கி, மஞ்சூரியாவில் பரவிய நுரையீரல் பிளேக், சில மாதங்களுக்குள் சுமார் 60,000 பேரைக் கொண்டுபோயிற்று. அதனை அடக்கியவர், நம்மவர் பலர் குடியேறிய பினாங்கிலே 1879-இல் பிறந்த சீன டாக்டர் வூ லியன்-தே. மூக்கையும் வாயையும் பஞ்சுத் துணியால் மூடிக்கொள்ளும் வழக்கத்தை அவர் அங்கே வற்புறுத்தினார். லடாக்கில் பிஸ்கட் கொடுத்த குழந்தைகளுக்கு நோய் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் அடுத்த முறை செல்லும்போது, காரை விட்டு இறங்காமலே தூரத்திலிருந்து பார்க்கும்படி அவர்களைப் பழக்குங்கள்.

இனித் தங்கள் மதிலணிலுக்கு வருவோம். முதுகில் மூன்று கோடுள்ள இந்த அணில், சுமார் நூறு கிராம் எடையுள்ளது. தென்னையும் மாவும் ஓட்டுக் கூரையும் உள்ள இடத்தில் மனிதரோடு மனிதராக வாழப் பழகியது. மார்மோட்டுக்குச் சொன்ன விலக்கை இதற்கும் அப்படியே விதிக்க மாட்டேன். அயல்வீட்டுப் பெரியவரின் வார்த்தையை மதிக்கிறேன். தங்கள் பகுதியில் 1904-இல் கட்டப்பட்ட தருமநாதர் ஜைன ஆலயத்தில் நண்பகல்தோறும் மணியோசை கேட்டுப் புறாக்கள் திரண்டிறங்கித் தானியம் பொறுக்கும் காட்சியைத் தங்கள் குழந்தைகள் அன்றாடம் பார்த்து வளர்கிறார்கள். ஆனால் அங்கே தானியம் வைப்பதற்கு நேரம் உண்டு, இடம் உண்டு, இட்டது உடனே தீர்ந்துவிடுவதும் உண்டு. மதிலின்மேல் காலையில் குவித்துவைத்து மறந்துபோகும் கடலைக்கு அந்த ஒழுங்கு இல்லை. பகலில் அணில் தின்று மிச்சம் வைத்ததை இரவில் எலி தின்னும். சாக்கு மூட்டைகள் அடுக்கிய பண்டகசாலைகள் நிறைந்த ஊரில் எலிக்குச் சொல்லவே வேண்டாம். இடவப்பாதிப் பருவமழையில் தெருவிலும் முற்றத்திலும் தேங்கும் நீரில் எலியின் சிறுநீர் கலந்து எலிக்காய்ச்சல் பரவுவதையும், 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளம் முழுவதும் அந்நோய் பட்டபாட்டையும் தாங்கள் அறிவீர்கள்.

ஆகவே, வாரத்தில் ஓரிரு நாள், காலை வேளையில், இரண்டு மூன்று அணில் நின்றபடியே தின்று தீர்க்கும் அளவு மட்டும் வையுங்கள்: உப்பிடாத, வறுக்காத வேர்க்கடலை நாலைந்து, மாதுளை முத்து சிறிது, கொய்யாத் துண்டு ஒன்று, தேங்காய்க் கீற்று ஒன்று. அணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டேயிருப்பவை. கடித்துத் தேய்க்க ஓடுள்ள கொட்டை வேண்டும். மிக்சர், முறுக்கு, ரொட்டி வேண்டா. சூரியகாந்தி விதையும் கடலையுமே தினசரி ஆகாரமானால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு நலியும்.

கடலையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தபோது, பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்றதே அதற்குக் காரணம் என்று கண்டார்கள். அந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். ஈரக்காற்று ஓயாத கொச்சியில், மழைக்காலத்தில் டப்பாவில் கிடந்து மணம் மாறிய கடலையை அணிலுக்கென்று ஒதுக்கிவைப்பது அதற்கு விஷம் வைப்பதற்கு ஒப்பாகும். மனிதர் தின்னத் தயங்கும் கடலை அணிலுக்கும் ஆகாது.

உணவைக் காட்டிலும் தாங்கள் தரக்கூடிய பெரிய உதவி வேறு உண்டு. மீனம், மேட மாதங்களின் உஷ்ணத்தில் தட்டையான மண்சட்டியில் நீர் வையுங்கள். நழுவி விழுந்தாலும் ஏறிவர நடுவில் கல் ஒன்று இடுங்கள். கொசு முட்டையிடாதபடி நாள்தோறும் தேய்த்துக் கழுவுங்கள். கிணற்றுக்கு வலை போடுங்கள். கொல்லையில் கொய்யாவோ முருங்கையோ இருந்தால் வெட்டாதிருங்கள். அணிலுக்கு வேண்டிய பழமும் பூந்தேனும் பூச்சியும் கூடு கட்ட நாரும் அம்மரத்திலேயே கிடைக்கும். எல்லாவற்றிலும் முக்கியமானது, தங்கள் கணவரின் பண்டகசாலையில் வைக்கும் எலிமருந்து. அணில் பகலில் நடமாடுவது, எலி இரவில். மருந்தைப் பெட்டிக்குள் அடைத்து அந்திக்குப்பின் வைத்து, விடியுமுன் எடுத்துவிட்டால், அறியாமல் அதைக் கடித்துச் சாகும் அணில்கள் பிழைக்கும்; கூடுமானால் மருந்தை விட்டுப் பொறியையே வைக்கச் சொல்லுங்கள். கடலை வைக்கும் கை இதையும் செய்யாவிடில் அக்கடலையால் பயனில்லை.

விழுந்த அணிற்பிள்ளைக்கு முதலில் வேண்டியது பாலன்று, கதகதப்பு. துணியில் சுற்றிய வெந்நீர்ப் போத்தலின் அருகே அதனை ஒரு சிறு பெட்டியில் கிடத்தி, பூனைக்கு எட்டாதபடி, அது விழுந்த மரத்திலோ கூரையிலோ கட்டிவையுங்கள். மனிதர் தொட்ட குட்டியைத் தாய் ஏற்காது என்பது தவறான நம்பிக்கை. நாம் விலகி நின்றால், பகல்வேளையில் பெரும்பாலும் தாயே வந்து வாயால் கவ்விக்கொண்டு போகும். மாலை வரை வராவிட்டால், அல்லது எறும்பு மொய்த்தோ பூனை கடித்தோ இருந்தால், கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். பசும்பால் கொடாதீர்கள், கொழுப்பு மிகுந்த தாய்ப்பாலுக்குப் பழகிய வயிற்றில் அது பேதியை உண்டாக்கும். குளிர்ந்துபோன உடம்புக்கு எதையும் ஊட்டலாகாது. உடல் சூடேறிய பின், மருத்துவர் சொல்லும் பால்மாவையே, குட்டியை மல்லாத்தாமல் குப்புறப் பிடித்து, துளித்துளியாக வாயோரத்தில் விடவேண்டும். அவசரப்பட்டால் பால் நுரையீரலில் இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் ஊட்டியபின், ஈரப்பஞ்சால் அடிவயிற்றை மெல்லத் தடவினால்தான் சிறுநீர் கழியும். தாய் நாவால் செய்யும் காரியம் அது. பால் மறக்கச் சுமார் பத்து வாரமாகும். அதன்பின் கூண்டில் வைத்திருக்க நினையாமல், அதே கொல்லையில் பெட்டியைத் திறந்துவைத்துச் சிறிது சிறிதாக வெளியே பழக்குங்கள். இதற்கிடையில் குழந்தைகளை அது கடித்தாலோ கீறினாலோ, சோப்பு நீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.