குண்டை நிறுத்தும் கவசம் கத்தியை ஏன் நிறுத்துவதில்லை?

9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக் குண்டு ஒன்றின் எடை 8 கிராம். நொடிக்கு 398 மீட்டர் வேகத்தில் அது நெஞ்சை நோக்கி வந்தால், அதோடு வரும் ஆற்றல் சுமார் 630 ஜூல். காவலர்கள் சட்டைக்குள் அணியும் துணிக் கவசம் அதை நிறுத்திவிடுகிறது. கத்திக்குத்துக்கான சோதனைத் தரங்களில் மிகக் கடுமையான நிலைக்கு வைத்திருக்கும் அடிப்படை அளவோ 43 ஜூல்தான். குண்டின் ஆற்றலில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு. ஆனாலும் குண்டை நிறுத்திய அதே கவசத்தைக் கத்தி துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடக்கூடும்.

இது இயற்பியல் புதிராக மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். ஏடிஎம்களுக்குப் பணம் கொண்டுபோகும் வேனில் நிற்பவர், சிறைக்குள் நிராயுதபாணியாக வலம் வரும் காவலர், இரவில் மருத்துவமனை வாசலில் நிற்பவர் போன்றவர்களுக்குத் துப்பாக்கியைவிடக் கத்தியால்தான் ஆபத்து வர வாய்ப்பு அதிகம். “புல்லட் புரூஃப் கொடுத்தாயிற்று, இனிப் பயமில்லை” என்று அவர்களை அனுப்புவது பெரிய தவறு. கவசம் இல்லாதவர் ஒதுங்கி நிற்பார். இருக்கிறது என்று நம்புகிறவர்தான் கத்திக்கு முன்னால் போய் நிற்பார். ஆகவே இந்த விஷயத்தில் உலவும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது அவசியம்.

நம்பிக்கை: குண்டையே தடுக்கும் கவசத்துக்குக் கத்தி எம்மாத்திரம்?

உண்மை: குண்டைத் தடுக்கும் முறை வேறு, கத்தியைத் தடுக்கும் முறை வேறு. ஒன்றில் தேறுவது மற்றதில் தேறியதாக ஆகாது.

துணிக் கவசத்தின் உயிர் அதன் இழையில் இருக்கிறது. டூபான்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக் 1965-ல் கண்டறிந்த பொருளிலிருந்து பிறந்தது கெவ்லர். எடைக்கு எடை பார்த்தால் எஃகைப்போல் ஐந்து மடங்கு வலிமை என்று இதைச் சொல்வார்கள். அந்த வலிமை எந்தத் திசையில் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இழையின் நீளவாக்கில் பிடித்து இழுத்தால் அது அசையாது. குறுக்கே கூர்மையான ஒன்றை வைத்து அழுத்தினால் அந்த வலிமையில் பெரும்பகுதி உதவிக்கு வராது.

குண்டு வந்து மோதும்போது கெவ்லருக்கு அதன் பலமான பக்கத்திலேயே வேலை கிடைக்கிறது. கைத்துப்பாக்கிக் குண்டின் முனை மழுங்கியது, உள்ளே இருப்பது ஈயம். மோதிய கணத்தில் அது காளான்போல் விரிந்து, பாவிலும் ஊடையிலும் பல இழைகளை ஒருசேர முன்னோக்கித் தள்ளுகிறது. இழைகள் நீளவாக்கில் இழுபடுகின்றன. தனி இழையொன்றில் அந்த இழுவிசை நொடிக்கு சுமார் 7,000 மீட்டர் வேகத்தில் ஓடும். அதாவது குண்டு ஒரு சென்டிமீட்டர் முன்னேறுவதற்குள், அது வந்த செய்தி பதினைந்து சென்டிமீட்டருக்கும் அப்பால் போய்ச் சேர்ந்துவிடும். மோதிய இடத்தில் மட்டுமல்லாமல் நெஞ்சுப் பரப்பின் பெரும்பகுதியில் உள்ள துணியும் சேர்ந்து அந்த 630 ஜூலை வாங்கிக்கொள்கிறது. ஓர் அடுக்கு அறுந்தால் அடுத்தது பிடிக்கும். ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கத்தியின் முனையோ எதையும் அகலமாகத் தள்ளுவதில்லை. நன்கு தீட்டிய முனையின் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதன் பின்னால் ஐம்பது கிலோ எடைக்கு நிகரான விசை இருந்தால், அத்தனையும் அந்தப் புள்ளியில் குவிகிறது. முனை இழையை இழுப்பதற்குப் பதிலாகப் பாவுக்கும் ஊடைக்கும் இடையே உள்ள சந்தில் நுழைந்து, இரண்டையும் ஒதுக்கி வழி எடுக்கிறது. அரிசி மண்டிகளில் குத்தூசியை மூட்டைக்குள் இறக்கி மாதிரி எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். லாரியிலிருந்து தூக்கிப் போட்டாலும் கிழியாத சாக்கு, குத்தூசிக்கு வழிவிடும். எடுத்த பிறகு விரலால் நீவினால் ஓட்டை இருந்த இடமே தெரியாது, ஏனென்றால் ஓர் இழைகூட அறுந்திருக்காது.

ஐஸ் உடைக்கும் ஊசி, சிறைக்குள் கம்பியைத் தீட்டிச் செய்யும் ஆயுதம் ஆகியவை இந்த வழியில்தான் போகின்றன. கத்திக்கு இதற்கு மேலும் ஒரு வசதி உண்டு. முனை நுழைந்தவுடன் பின்னால் வரும் அலகு, ஒதுங்கி நிற்கும் இழைகளைக் குறுக்கே அறுத்துத் திறப்பைப் பெரிதாக்கும். முன்பே சொன்னபடி, இழை பலவீனமாக இருப்பது அந்தக் குறுக்குத் திசையில்தான்.

பெரும்பாலோர் மறந்துவிடும் இன்னொன்றும் இருக்கிறது. குண்டு துப்பாக்கியை விட்டுப் பிரிந்தபின் அதற்கு உதவி எதுவும் கிடையாது. கொண்டுவந்த ஆற்றல் தீர்ந்தால் அதன் கதை முடிந்தது. கத்தியைக் கை விடுவதில்லை. முதல் மோதலில் தடுத்து நின்ற துணியின் மேல் தோளும் உடலும் தொடர்ந்து அழுத்துகின்றன. குத்தியவர் உருவி மறுபடியும் அதே இடத்தில் குத்தலாம்.

நம்பிக்கை: அப்படியானால் இன்னும் பத்து அடுக்கு கெவ்லர் சேர்த்தால் போதும்.

உண்மை: அடுக்கு கூடினால் உராய்வு கூடும், ஓரளவு பலன் இருக்கும். ஆனால் நுழையும் வழியை அடைக்காமல் துணியை மட்டும் தடிமனாக்கினால், அணிகிறவர் வேர்த்துக் கழற்றிப் போடும் அளவுக்குக் கனம் ஏறுமே தவிரக் கத்திக்கு உறுதியான பதில் கிடைக்காது.

கத்தியைத் தடுப்பதற்கென்று செய்யும் கவசங்களில் வேறு உத்திகள் இருக்கின்றன. முதலாவது, சந்தே இல்லாமல் நெய்வது. 1990களில் சிறைக் காவலர்களுக்காக டூபான்ட் கொண்டுவந்த கெவ்லர் வகையில் மிக மெல்லிய இழைகளை அங்குலத்துக்கு எழுபது என்ற நெருக்கத்தில் நெய்தார்கள். குண்டுக்கான துணிகளில் இருபது முப்பது இழைகள் இருப்பதே வழக்கம். இந்த நெருக்கம் ஊசிமுனை ஆயுதங்களுக்கு நல்ல தடை. குண்டுக்கோ இழைகள் கொஞ்சம் நகர்ந்து விரிய இடம் வேண்டும், மிக நெருக்கமாக நெய்தால் அந்த இடம் போய்விடும். ஒரு வேலைக்கு நல்லதாக இருப்பது மற்ற வேலையைக் கெடுக்கிறது என்பதால்தான், எல்லாவற்றையும் தடுக்கும் ஒரே துணியைச் செய்வது இத்தனை கடினமாக இருக்கிறது.

இரண்டாவது உத்தி, துணிமேல் பிசின் பூசி இழைகள் ஒதுங்க முடியாதபடி ஒட்டவைப்பது. மூன்றாவது, மெல்லிய உலோகத் தகடோ உலோக வளையங்களைக் கோத்த வலையோ சேர்ப்பது. வளையவலை அலகை மழுக்கிவிடும், கீறலைச் சட்டைசெய்யாது. ஆனால் ஊசிமுனை வளையத்தின் நடுவிலேயே போய்விடும். இதை ஈரானிலும் நம் நாட்டிலும் ஆயுதம் செய்தவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். வளையக் கவசம் அணிந்த குதிரைவீரர்களை எதிர்கொள்ள, பேஷ்கப்ஸ் என்ற குத்துவாளின் முனையைத் தடித்ததாக, வளையத்துக்குள் இறங்கி அதைப் பிளக்கும்படி வடித்தார்கள். கட்டாரிகள் பலவற்றிலும் முனை மட்டும் இப்படித் தடித்திருப்பதைக் காணலாம். ஆயுதத்தின் வடிவம் மாறினால் கவசமும் மாறியாக வேண்டும் என்ற பாடம் கெவ்லர் காலத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

2000களின் தொடக்கத்தில் டெலவேர் பல்கலைக்கழகத்தின் நார்மன் வாக்னரும் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தாரும் சேர்ந்து, திடீரென்று தாக்கினால் இறுகிவிடும் திரவமொன்றைக் கெவ்லரில் ஊறவைத்துப் பார்த்தார்கள். நுண்ணிய சிலிக்கா துகள்கள் கலந்த திரவம் அது. ஊசிமுனைக்கு எதிராக முன்னேற்றம் கணிசமாக இருந்தது, அலகுள்ள கத்திக்கு எதிராக அந்த அளவுக்கு இல்லை. துளைப்பதும் அறுப்பதும் தனித்தனிச் சிக்கல்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நம்பிக்கை: கத்திக்குத்துக் கவசம் என்று எழுதியிருந்தால் முனை உடலைத் தொடாது.

உண்மை: தொடலாம். தரமே அதற்கு இடம் கொடுக்கிறது.

பிரிட்டனில் பெரும்பாலான காவலர்கள் துப்பாக்கி ஏந்துவதில்லை. அவர்களுக்கு எதிரே வரும் ஆபத்தில் கத்திக்குத்தான் முதலிடம். அதனால் கத்திக் கவசங்களைச் சோதிக்கும் முறை 1990களில் அங்கேதான் பெரிதும் உருவானது. சாதாரண மனிதர்களை அளவுமானி பொருத்திய கத்தியால் குத்தச் சொல்லி, அந்தக் குத்தின் வேகத்தையும் விசையையும் அளந்தார்கள். அந்த அடிப்படையில் 24, 33, 43 ஜூல் என்று மூன்று நிலைகள் வகுக்கப்பட்டன. அமெரிக்காவின் தேசிய நீதி ஆய்வு நிறுவனம் 2000-ல் வெளியிட்ட 0115 என்ற தரமும் இவற்றையே ஏற்றது. சோதனையில் பங்கேற்றவர்களில் முறையே 85, 90, 96 சதவீதத்தினரின் குத்து இந்த அளவுகளுக்குள் அடங்கியது. கையை ஓங்கி மேலிருந்து குத்தும்போது 100 ஜூலைத் தாண்டிய அளவீடுகளும் உண்டு. ஆகவே மூன்றாம் நிலைக் கவசம்கூட எல்லாக் குத்துக்கும் வாக்குறுதி தருவதில்லை.

குறிப்பிட்ட ஆற்றலில் கத்தியை விழவிடும்போது அதன் முனை கவசத்தைத் தாண்டி 7 மில்லிமீட்டர் வரை வரலாம் என்கிறது தரம். ஆற்றலைக் கூட்டிச் செய்யும் இரண்டாவது சோதனையில் 20 மில்லிமீட்டர் வரை அனுமதி. தோலுக்கும் உள்ளுறுப்புகளுக்கும் இடையே எத்தனை தூரம் இருக்கிறது என்பதை சி.டி. ஸ்கேனில் அளந்து பார்த்த ஆய்வுகள் இந்த எல்லைக்குத் துணை நிற்கின்றன. காயமே படாமல் காப்பது இந்தக் கவசத்தின் நோக்கம் அல்ல. இதயம், ஈரல் போன்ற உறுப்புகளைக் கத்தி எட்டாமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை. உயிரைக் காப்பாற்ற அது பெரும்பாலும் போதும். ஆனால் அணிகிறவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இந்தத் தரத்திலும் அலகுள்ள கத்திக்கு ஒரு வகுப்பு, ஊசிமுனைக்கு ஒரு வகுப்பு என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். தெருவில் காவல் நிற்பவர் முதல் வகுப்பைக் கேட்க வேண்டும், சிறைக்குள் பணியாற்றுபவர் இரண்டாவதை.

நம்பிக்கை: கத்திக் கவசம் குண்டையும் தாங்கும்.

உண்மை: தாங்கும் என்று சோதித்துச் சான்றளித்திருந்தால் மட்டுமே. வளையவலையும் பிசின் துணியும் மட்டும் உள்ள கவசம் துப்பாக்கிக்கு முன் உதவாது.

நம்பிக்கை: கவசம் இருந்தால் குண்டு பட்டவர் சினிமாவில் வருவதுபோல உடனே எழுந்து நடக்கலாம்.

உண்மை: குண்டு உள்ளே வராவிட்டாலும் துணி உள்நோக்கிப் பிதுங்கும். சோதனையில் கவசத்துக்குப் பின்னால் களிமண் வைத்து, அந்தப் பள்ளம் 44 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நெஞ்சில் அந்த ஆழத்துக்கு அடி விழுந்தால் விலா எலும்பு முறியலாம், உட்காயம் ஏற்படலாம். குண்டு பட்டவர் நலமாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆகவேண்டும். இது கைத்துப்பாக்கிக்கான கணக்கு. ஏகே ரகத் துப்பாக்கியின் குண்டு சுமார் 2,000 ஜூலோடு வரும், அதற்குத் துணிக் கவசம் போதாது, பீங்கான் போன்ற கடினமான தகடு வேண்டும். அந்தத் தகடு கத்தியையும் தடுக்கும் என்பது சரிதான். ஆனால் தகடு மறைப்பது நெஞ்சின் நடுப்பகுதியை மட்டுமே. விலாப்பக்கம், அக்குள், கழுத்து எல்லாம் திறந்தே கிடக்கும். கைகலப்பில் கத்தி எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம்.

நம்பிக்கை: ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும்.

உண்மை: 2003-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம், ஃபாரஸ்ட் ஹில்ஸில், ஜைலான் என்ற இழையால் ஆன கவசத்தை அணிந்திருந்த காவலர் ஒருவர் சுடப்பட்டார். அந்தக் கவசம் தடுத்திருக்க வேண்டிய குண்டு அதைத் துளைத்து உடலுக்குள் போனது. அவர் உயிர் தப்பினார். கெவ்லரைவிட வலிமையானது என்று கொண்டாடப்பட்ட அந்த இழை, ஈரப்பதத்திலும் வெப்பத்திலும் எதிர்பார்த்ததைவிட வேகமாக வலுவிழந்தது விசாரணைகளில் தெரிய வந்தது. 2005-ல் ஜைலான் கவசங்களுக்கான அங்கீகாரம் திரும்பப் பெறப்பட்டது. கெவ்லரின் நிலை அத்தனை மோசமில்லை. ஆனாலும் வெயிலின் புற ஊதாக் கதிரும் நீரும் அதற்கு ஆகாது. துவைத்து மொட்டைமாடியில் உலர்த்துவதற்கு அது சட்டை அல்ல. உறையை மட்டும் கழற்றித் துவைக்கலாம், உள்ளே உள்ள பலகத்தை ஈரத் துணியால் துடைத்து நிழலில் வைக்க வேண்டும். உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் ஐந்தாண்டுக்குத்தான் பொறுப்பேற்கிறார்கள். வியர்வையில் ஊறி மடங்கிக் கிடந்த பழைய கவசத்தைப் புதிதாக வேலைக்கு வந்தவருக்கு மாட்டிவிடும் நிர்வாகங்கள் அவருக்குக் கொடுப்பது வெறும் சீருடையைத்தான்.

வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது கவசத்தின் உள்ளே தைத்திருக்கும் சீட்டு. 0101 என்ற எண்ணில் தொடங்கும் அமெரிக்கத் தரம் குண்டுக்கானது. கத்திக்கானது 0115. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 17051:2018, துப்பாக்கிக் குண்டுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அந்த முத்திரை மட்டும் இருக்கும் கவசத்தைக் கத்திக்கும் ஆகும் என்று விற்பவர் சொன்னால், கத்திச் சோதனையின் சான்றைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் சான்று பெற்ற கவசங்களும் சந்தையில் உண்டு. கனமும் விலையும் கூடுதல்தான், ஆனால் இரண்டு ஆபத்தும் உள்ள இடத்துக்கு அவைதான் சரி. அப்படிப்பட்ட பலகங்கள் பலவற்றில் கத்தியைத் தடுக்கும் அடுக்கு ஒரு பக்கத்தில் இருக்கும். உடலை ஒட்ட வேண்டிய பக்கம் எது என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். உறையைத் துவைத்துவிட்டுப் பலகத்தைத் திரும்பச் செருகும்போது அதைப் பார்த்துச் செருக வேண்டும்.