வாடகைக்குக் கேட்கிறார்கள் கணக்கை

அன்பு மருமகனுக்கு,

உன் அறைத்தோழன் விஷயமாக நீ போனில் கேட்டதற்கு அவசரத்தில் பதில் சொல்ல மனம் வரவில்லை. புதிதாக ஒரு கணக்கு தொடங்கி பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் கொடுத்துவிட்டால் மாதாமாதம் கமிஷன் தருகிறார்களாம். “நம்ம காசு ஒண்ணும் போகலையே மாமா” என்கிறாய். காசு போகாதுதான். அவர்களுக்கு வேண்டியது அவன் பெயர்.

எங்கள் காலத்தில் வங்கி மோசடி என்றால் போலிக் கையெழுத்து, திருட்டுக் காசோலை, உள்ளே உடந்தையாக ஓர் ஆள். இப்போது மியான்மரின் மியாவாடியிலும் கம்போடியாவிலும் மதில் கட்டி, ஆள் வைத்து, ஷிப்டு போட்டு நடத்துகிறார்கள். கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய் அங்கே அடைபட்ட நம் ஊர்ப் பையன்களும் உண்டு. 2022-இல் சிலரை மீட்டுச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவருக்கு வீடியோவில் ‘சிபிஐ அதிகாரி’ பேசுகிறான் என்று வை. டிஜிட்டல் அரெஸ்ட் என்கிறான். நம் சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது. பயத்தில் அது யாருக்குத் தோன்றும்? வைப்புத்தொகையை முறித்து ஆர்டிஜிஎஸ் அனுப்புகிறார். அது வந்து விழுவது உன் தோழனைப் போன்ற ஒருவன் கணக்கில். நிமிடக் கணக்கில் நாற்பதாயிரம், முப்பதாயிரம் என்று உடைந்து வேறு பல கணக்குகளுக்குப் போகும். அங்கிருந்து ஏடிஎம்மில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ கைமாறிவிடும். புகார் வந்ததும் போலீஸ் முதலில் எடுப்பது அந்தக் கணக்கின் கேஒய்சி படிவத்தை. அதில் ஆதாரும் போட்டோவும் கையெழுத்தும் இவனுடையவை. கமிஷன் கொடுத்தவனுக்கோ டெலிகிராமில் ஒரு புனைபெயர்தான்.

2025 ஜூனில் சிபிஐ சொன்ன கணக்குப்படி 700-க்கும் மேற்பட்ட கிளைகளில் இப்படி மோசடிப் பணத்தைக் கைமாற்றும் ‘மியூல்’ கணக்குகள் சுமார் எட்டரை லட்சம். வங்கிகளையும் நான் சும்மா விடமாட்டேன். மாதக் கடைசியில் இலக்கு, இலக்கு என்று விரட்டினால் கவுண்ட்டரில் இருப்பவர் வந்தவன் முகத்தையா பார்ப்பார்? இப்படிப்பட்ட கணக்குகளைப் பிடிக்க ரிசர்வ் வங்கி இப்போது ‘மியூல்ஹன்ட்டர்’ என்று ஒரு மென்பொருளைக் கொண்டுவந்திருக்கிறது. புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 111-ஆம் பிரிவில், திட்டமிட்ட குற்றக் கும்பல் செய்யும் சைபர் குற்றமும் அடங்கும். அப்படியொரு வழக்கில் இவனையும் சேர்த்தால், “எனக்கு ஒன்றும் தெரியாது” என்று கோர்ட்டில் போராட வேண்டியிருக்கும். அதுவரை வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அந்த வழக்கு குறுக்கே நிற்கும்.

இன்னும் கொடுக்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தை அவனிடம் காட்டு, போதும். கொடுத்துவிட்டான் என்றால் கார்டையும் நெட் பேங்கிங்கையும் இன்றே முடக்கட்டும், சிம்மையும் நிறுத்தட்டும். கிளைக்கு நேரில் போய் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளச் சொல். பணம் ஏதாவது வந்திருந்தால் ஒரு ரூபாயைக்கூடத் தொடக் கூடாது. வக்கீலைக் கூட்டிக்கொண்டு சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குத் தானாகப் போவது, அவர்கள் தேடி வருவதைவிட நல்லது.

அவன் அப்பாவிடம் சொல்லப் பயந்தால் என் நம்பரைக் கொடு. நான் பேசுகிறேன்.

இப்படிக்கு,
மாமா