ரெசினில் சதுரங்கக் காய்கள்: வீட்டிலேயே வார்க்கும் முறை

 

நம் டிரஸ்ட்டின் மாலைநேரப் படிப்பகத்தில் ஒரு சதுரங்கப் பெட்டி இருக்கிறது. பல வருடம் உழைத்த பெட்டி. கறுப்பில் ஒரு யானையும் இரண்டு சிப்பாய்களும் தொலைந்துபோய், அந்த இடத்தில் இருமல் மருந்து மூடியையும் இரண்டு புளியங்கொட்டைகளையும் வைத்துப் பிள்ளைகள் ஆடி வந்தார்கள். புதிதாக ஒன்று வாங்கிக் கொடுப்பது பெரிய செலவில்லை. ஆனால் நிர்வாகக் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு தாயார், "என் மகள் ரெசினில் சாவிக்கொத்து வார்க்கிறாள். இதையும் நாமே வார்த்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான் இந்தப் பாடம். முதல் முயற்சியில் தோற்றோம். இரண்டாவதில்தான் கைகூடியது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

முதலில் இரண்டு கேள்விகள்

செய்யத் தொடங்கும் முன்பே இரண்டு கேள்விகள் வந்தன. சதுரங்கம் ஆடலாமா என்பது ஒன்று. பணயம் வைத்து ஆடுவது சூது. அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பணயம் இல்லாமல், தொழுகையை மறக்கடிக்காமல் ஆடினால் ஹராம் இல்லை, மக்ரூஹ் என்பது ஷாஃபிஈ மத்ஹபில் பிரபலமான கருத்து. ஹனஃபி உள்ளிட்ட பிற மத்ஹபுகளின் அறிஞர்கள் பலர் இதைவிடக் கடுமையாகத் தடுத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். ஆட்டம் வேண்டாம் என்பவர்களுக்கும் இந்தப் பாடம் வீணாகாது. இதே முறையில் காகித எடை, கதவுக் குமிழ், சாவிக்கொத்து எதையும் வார்க்கலாம்.

இரண்டாவது கேள்வி உருவம் பற்றியது. குதிரைத் தலையும் மனித முகமும் செதுக்கிய காய்களை நம் பிள்ளைகள் கையாலேயே செய்ய வைப்பதில் சில பெற்றோருக்குத் தயக்கம் இருந்தது. இதற்குப் பழைய முஸ்லிம் கைவினைஞர்களே வழி காட்டியிருக்கிறார்கள்.

இந்தியாவின் சதுரங்கம் பாரசீகம் போய் அங்கிருந்து அரபுகளிடம் "ஷத்ரஞ்ச்" ஆனது. அரபியில் மன்னர் ஷாஹ், அவர் அருகில் ஃபிர்ஸ் என்ற அமைச்சர், பிறகு ஃபீல் என்ற யானை, ஃபரஸ் என்ற குதிரை, மூலையில் ருக், முன்வரிசையில் பைதக் என்ற காலாள். நாம் மூலையில் நிற்பதை யானை என்கிறோம். அவர்களுக்கோ யானை நாம் மந்திரி என்று சொல்லும் இடத்தில் நின்றது. இந்தக் காய்களை அவர்கள் உருவம் இல்லாமல் குறிகளாகவே செய்தார்கள். ஷாஹுக்கு உயர்ந்த ஆசனம் போன்ற வடிவம், அமைச்சருக்கு அதுவே சற்றுச் சிறியது. யானைக்குத் தந்தங்களைக் குறிக்கும் இரண்டு புடைப்புகள், குதிரைக்கு முன்னால் நீட்டிய ஒரே புடைப்பு. ருக்குக்குத் தலையில் ஒரு பிளவு. காலாளுக்குச் சிறிய குவிமாடம்.

ஈரானின் நிஷாபூரைச் சேர்ந்த 12ஆம் நூற்றாண்டுத் தொகுதி ஒன்று இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் நீலப்பச்சை, மறுபக்கம் கத்தரிப்பூ நிறம். அதுவும் அச்சில் வார்த்து மெருகிட்டதுதான். ஆகவே நாம் செய்யப்போவது நம் முன்னோருக்குப் புதிய வேலை அல்ல. வார்ப்பவருக்கும் இந்த வடிவங்கள் வசதி. குதிரையின் காது, பிடரி, தாடை இடுக்குகளில் காற்றுக் குமிழ் தங்கும். அச்சிலிருந்து எடுக்கும்போது உடையும். மழுங்கிய வடிவங்களில் அந்தத் தொல்லை குறைவு.

அளவும் மூலக்காயும்

நாங்கள் எடுத்துக்கொண்ட அளவு இது. ஷாஹ் உயரம் 5.5 செ.மீ., அமைச்சர் 4.5, யானை, குதிரை, ருக் மூன்றும் 4, காலாள் 3 செ.மீ. அடிப்பகுதியின் அகலம் ஷாஹுக்கு 3 செ.மீ., காலாளுக்கு 2 செ.மீ. பலகையில் ஒரு கட்டம் 4 செ.மீ. ஒரு கட்டத்துக்குள் நான்கு காலாள்கள் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அளவு தவறாது.

ஆறு வகைக்கும் ஆறு மூலக்காய்கள் தேவை. மரக் கடைசல் பட்டறையில் உருட்டி வாங்கலாம். புடைப்பையும் பிளவையும் அரத்தால் நாமே சரிசெய்யலாம். மூலக்காயில் உள்ள ஒவ்வொரு கீறலும் எல்லாக் காய்களிலும் வரும். எனவே உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, இரண்டு முறை வார்னிஷ் அடித்து, முழுவதும் உலரவிட்டு, மேலே மெல்லிதாக வாசலின் தடவுங்கள்.

பழைய பெட்டியில் தொலைந்த காயை ஈடுசெய்ய மட்டும் வேண்டுமென்றால், அதே வகையில் மிஞ்சியிருக்கும் காயையே மூலமாக வைக்கலாம். வீட்டு உபயோகத்துக்கு இது சரி. இன்னொருவர் வடிவமைத்த காயை அச்செடுத்து விற்பனை செய்வது அமானிதத்துக்குப் பொருந்தாது.

அச்சு எடுப்பது

அச்சுக்கான சிலிக்கோன் இரண்டு திரவங்களாக வரும். வெள்ளீய வகை மலிவு. ஆனால் சற்றுச் சுருங்கும், சில வருடங்களில் நொறுங்கத் தொடங்கும். பிளாட்டினம் வகை விலை கூடுதல், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் கந்தகம் கலந்த களிமண்ணோ சாதாரண ரப்பர் கையுறையோ பட்டால் அந்த இடம் இறுகாமல் பிசுபிசுத்தே நிற்கும். எந்த வகையானாலும் கலக்கும் விகிதத்தை டப்பாவில் உள்ளபடியே எடுங்கள்.

1. மூலக்காயின் அடிப்பாகத்தை ஒரு டைல்ஸ் துண்டில் ஒட்டுங்கள். சுற்றிலும் 1 செ.மீ. இடைவெளி இருக்கும்படி அடி வெட்டிய பிளாஸ்டிக் டம்ளரையோ குழாய்த் துண்டையோ நிறுத்தி, கீழ் விளிம்பைப் பசையால் அடையுங்கள்.

2. எவ்வளவு சிலிக்கோன் பிடிக்கும் என்று அறிய, காய்க்கு மேல் 1 செ.மீ. வரை அரிசியை நிரப்பி, அந்த அரிசியை அளவுக் குவளையில் கொட்டிப் பாருங்கள். பிறகு ஓர் அரிசிகூட உள்ளே தங்காமல் துடைத்துவிடுங்கள்.

3. கலந்த சிலிக்கோனைக் காயின் தலைமேல் ஊற்றாதீர்கள். ஒரு மூலையில் நூல்போல் ஊற்றினால் அது தானாக ஏறிவந்து காயை மூடும். காற்றையும் மேலே தள்ளிவிடும்.

4. டப்பாவில் சொன்ன நேரம் முழுவதும் காத்திருங்கள். பிறகு கவிழ்த்து மூலக்காயை எடுங்கள். வர மறுத்தால் ஒரு பக்கத்தில் பிளேடால் நேராகக் கீறிப் பிரித்து எடுக்கலாம். வார்க்கும்போது கீறிய இடத்தை ரப்பர் பேண்டால் இறுக்கிக்கொள்ளுங்கள்.

ஷாஹுக்கும் அமைச்சருக்கும் ஒவ்வோர் அச்சு, யானை, குதிரை, ருக்குக்கு இரண்டிரண்டு, காலாளுக்கு நான்கு. ஆக 12 அச்சுகள். காலாள் அச்சுகளை மட்டும் ஒரு நிறத்துக்கு இரண்டு முறை பயன்படுத்த வேண்டும். நாளைக்கு ஒரு வார்ப்பு என்றால் நான்கு நாளில் 32 காய்களும் கிடைத்துவிடும்.

ரெசின் கலப்பது: நாங்கள் தவறிய இடம்

எபாக்ஸி ரெசின் ஒரு புட்டி, ஹார்டனர் ஒரு புட்டி. இரண்டும் சரியான விகிதத்தில் சேர்ந்தால்தான் கல்லாக இறுகும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட ஊற்றினால் பயனில்லை. மிஞ்சிய ஹார்டனர் சேர்வதற்கு ரெசின் இல்லாமல் காய்க்குள்ளேயே தங்கி, அதை இளக்கமாக வைத்துவிடும்.

எங்கள் புட்டியில் கன அளவில் 2:1 என்று போட்டிருந்தது. அதாவது குவளையில் 2 பங்கு ரெசினுக்கு 1 பங்கு ஹார்டனர். நாங்கள் தராசில் 100 கிராமுக்கு 50 கிராம் எடுத்தோம். ரெசின் ஹார்டனரைவிடக் கனமானது; ஆகவே எடைக்கணக்கில் அந்த விகிதம் வேறு. போதாததற்கு அது மழைக்காலம். மூன்று நாள் கழித்து அச்சைப் பிரித்தபோது 12 காய்களும் விரலில் ஒட்டின. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. டிரஸ்ட்டின் பணத்தில் வாங்கிய பொருள். அதற்குரிய கணக்கைக் கூட்டத்தில் எங்கள் பிழை என்றே எழுதி வைத்தோம்.

டப்பாவில் உள்ளது கன அளவா, எடையா என்று முதலில் படியுங்கள். கன அளவு என்றால் அளவுக் குவளை, எடை என்றால் தராசு. எங்கள் காய்களுக்கு ஒரு நிறத்துக்குச் சுமார் 200 மி.லி. பிடித்தது. இரண்டு நிறத்துக்கும் சிந்துவதற்கும் சேர்த்து 450 மி.லி. என்று வைத்தால், ரெசின் 300, ஹார்டனர் 150. இதை ஒரே தடவையில் கலக்காதீர்கள். அதிக அளவு ஒரு குவளையில் சேர்ந்து நின்றால் தானாகச் சூடேறிப் புகையும், குவளை உருகும். ஒரு தடவைக்கு 40 மி.லி. ரெசினும் 20 மி.லி. ஹார்டனரும் போதும்.

மெதுவாக மூன்று நான்கு நிமிடம் கிளறுங்கள். ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்க வேண்டும். பிறகு வேறொரு சுத்தமான குவளைக்கு மாற்றி மீண்டும் ஒரு நிமிடம் கிளறுங்கள். முதல் குவளையின் ஓரத்தில் கலக்காமல் ஒட்டியிருப்பதை வழித்துச் சேர்க்கக் கூடாது. நிறத்துக்கு ரெசினுக்கென்றே விற்கும் நிறமியில் சில துளிகள் போதும். பள்ளிக்கூடத் தண்ணீர்ப் பெயிண்டை ஊற்றினால் இறுகாது.

அச்சு ஈரமில்லாமல் இருக்கட்டும். முதலில் கொஞ்சம் ஊற்றி, பல் குத்தும் குச்சியால் பிளவிலும் புடைப்பிலும் உள்ள குமிழ்களைக் கிளப்பிவிட்டுப் பிறகு நிரப்புங்கள். காய் கையில் கனமாக நிற்க வேண்டுமென்றால், ஓரளவு இறுகியதும் ஓர் இரும்பு நட்டைப் போட்டு அதன்மேல் ஊற்றலாம். ஈயக் குண்டு வேண்டாம். சிறு பிள்ளைகள் வாயில் வைப்பார்கள். ஒரு நாள் கழித்து அச்சிலிருந்து எடுத்தாலும், முழு இறுக்கம் வர டப்பாவில் சொன்ன நாட்கள் வரை தனியே வையுங்கள்.

உடம்புக்குக் காவல்

பாடத்தில் மிக முக்கியமான பகுதி இது. முதல் முயற்சியின்போது ஒரு பையனின் கையுறை மணிக்கட்டருகே கிழிந்திருந்தது. அவன் சொல்லவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. மறுநாள் அந்த இடம் சிவந்து கொப்புளித்து அரித்தது. அவன் தாயாரிடம் நாங்களே போய்ச் சொன்னோம். மருத்துவரிடமும் அழைத்துப் போனோம். ஒரு வாரத்தில் ஆறிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் திரும்ப வரக்கூடும். அவன் இப்போது ரெசின் பக்கம் வருவதில்லை. பலகைக்குக் கட்டம் கோடுவது அவன் வேலை. எங்கள் கவனக்குறைவுக்கு ஒரு பிள்ளை விலை கொடுத்தான் என்பதை நாங்கள் மறக்கக் கூடாது. அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

· கலப்பதும் ஊற்றுவதும் பெரியவர்கள் மட்டும். நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி அவசியம். கையுறை கிழிந்தால் உடனே மாற்றுங்கள்.
· மேலே பட்டுவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். தின்னர், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் தோலுக்குள் இன்னும் இறங்கும்.
· சன்னல் கதவு திறந்த அறையிலோ மாடித் தாழ்வாரத்திலோ செய்யுங்கள். சமையலறை வேண்டாம். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் விலகியிருக்கட்டும்.
· இதற்கு எடுத்த குவளை, கரண்டி, தராசு எதுவும் மறுபடி அடுப்படிக்குப் போகக் கூடாது.
· மிஞ்சியதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். குவளையிலேயே இறுகவிட்டுக் குப்பையில் போடுங்கள்.
· தேய்க்கும்போது உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தே தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள். தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

முடிப்பு வேலை

ஒரு கண்ணாடித் துண்டின்மேல் நனைத்த உப்புத்தாளை விரித்து, காயின் அடியை வட்டமாகத் தேய்த்தால் மட்டமாகும். முதலில் 220, பிறகு 400, கடைசியில் 800 நம்பர். மேலே எண்ணெய்ப் பிசுக்குப்போல் படலம் இருந்தால், ஈரக் காற்றினால் வந்ததாக இருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவினால் போகும். அடியில் வெல்வெட் துணி ஒட்டுங்கள். பலகைக்கு 32 செ.மீ. சதுரமும் சுற்றி விளிம்பும் உள்ள பிளைவுட் போதும்.

வீட்டிலிருந்து வருமானம் தேடும் சகோதரிகள் இதைத் தொழிலாகச் செய்யலாமா என்று கேட்டார்கள். செய்யலாம். ஆனால் அச்சு, ரெசின், கையுறை, வீணான காய்கள், தேய்க்கும் நேரம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து விலை வையுங்கள். முதல் தொகுதி விற்கும் தரத்தில் வராது என்று எண்ணித்தான் தொடங்க வேண்டும். கடன் வாங்கித் தொடங்க வேண்டாம். குமிழ் விழுந்த காயை வாங்குபவரிடம் காட்டியே கொடுங்கள்.

இரண்டாவது முயற்சியில் வந்த நீலப்பச்சையும் கத்தரிப்பூ நிறமும் கொண்ட 32 காய்கள் இப்போது படிப்பகத்தில் இருக்கின்றன. அஸ்ருக்குப் பின் பெட்டி திறக்கும். மஃக்ரிப் பாங்குக்கு முன் காய்களை எண்ணி உள்ளே வைக்க வேண்டும். பழைய பெட்டிக்கும் தொலைந்த மூன்றையும் வார்த்துவிட்டோம். புளியங்கொட்டைகளுக்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது. ஒட்டிப்போன அந்த 12 காய்களில் ஒரு ஷாஹை மட்டும் கண்ணாடிப் புட்டியில் அடைத்து அலமாரியில் வைத்திருக்கிறோம். செய்து பார்க்க நினைப்பவர்கள் ரெசின் வாங்கப் போகும் முன் வந்து அதையும் பார்த்துவிட்டுப் போங்கள்.