குதிரை பார்க்க வரும் ஆளுக்குக் கூலி கணக்கிடும் முறை

வைகை அணையின் கரையினின்று வடமேற்கே நோக்குவோர்க்குப் பெரியகுளத்தை அடுத்த மலைத்தொடர் தெரியும். அணையைச் சூழ்ந்த சமவெளிக் கிராமங்களில் ஜட்கா வண்டியும் அதை இழுத்த குதிரையும் மறைந்து நெடுநாளாயிற்று. மலையிலோ நிலைமை வேறு. கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை ஏற்படுமுன் பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து மட்டக்குதிரையின் மீதும் நாற்காலித் தூக்கிலும் மக்கள் மேலேறினர். அப்பழக்கத்தின் எச்சம் இன்னும் முற்றும் ஒழிந்துவிடவில்லை. அகமலை, வெள்ளகவி முதலிய மலையூர்களின் காப்பியும் மிளகும் பலாவும் பொதிக்குதிரைகளின் முதுகிலேயே அடிவாரத்துக்கு இறங்கி வந்தன. அரிசியும் உப்பும் அவ்வாறே மேலேறின. தேர்தல் காலத்தில் தேனி ஜில்லாவின் சில மலைக் கிராமங்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை மேல் சென்றதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் நன்கு அறிவர்.

இக்குதிரைகளை உடையவர் பெரும்பாலும் மலையில் தோட்டமும் அடிவாரத்தில் வீடும் வைத்திருக்கும் சம்சாரிகளாவர். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்கோ, கலியாணத்துக்கோ, ஆஸ்பத்திரிக்கோ அவர்கள் நாலைந்து நாள் வெளியூர் செல்ல நேரும்போது, அண்டையில் உள்ள ஒருவரை அழைத்துக் குதிரையைப் பார்த்துக்கொள்ளும்படி ஒப்புவிக்கின்றனர். அவர் நிரந்தர வேலையாள் அல்லர்; அழைத்தபோது வந்து, வேலை முடிந்ததும் கூலி பெற்றுச் செல்பவர். திரும்பி வந்த உடையவர் கையில் எடுத்துக் கொடுக்கும் தொகையைப் பற்றியே மனஸ்தாபம் எழுகின்றது. முன்னதாகப் பேசிக்கொள்ளாமையே அதற்குப் பெரிதும் காரணம். எனினும் வேறொரு காரணமும் உண்டு. அதையே இங்கு விரித்துக் கூறுவது அவசியம்.

மாடு வைத்துப் பழகிய சம்சாரி, குதிரையையும் மாட்டின் கணக்கிலேயே எண்ணுகிறார். "புல்லைப் போட்டுத் தண்ணீர் காட்டுகிற வேலைதானே" என்னும் சொல் அடிக்கடி கேட்கப்படுவது. மாடு அசைபோடும் பிராணி. அதன் பெருவயிறு தீனியை வாங்கி நிரப்பிக்கொண்டு, பின்னர் சாவகாசமாக அரைக்கும். ஆகவே காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் தீனி வைத்தால் போதுமானது. குதிரைக்கோ இரைப்பை உடலின் அளவுக்கு மிகச் சிறியது. ஒரே முறையில் அதிகம் தின்னவும் கூடாது, நெடுநேரம் பட்டினி கிடக்கவும் கூடாது. வாந்தி எடுக்கும் சக்தியும் அதற்கு இல்லை. கொள்ளை மிகுதியாக வைத்தாலும், தண்ணீர் காட்டத் தவறினாலும், பூஞ்சணம் பிடித்த வைக்கோலைப் போட்டாலும் கடும் வயிற்று வலி உண்டாகி, இரவு ஒன்றிலேயே பிராணி மாண்டுபோவதும் உண்டு. எனவே தீனியைச் சிறு பங்குகளாகப் பிரித்து, நாளொன்றுக்கு மூன்று முறையேனும் வைத்தல் வேண்டும். அம்மூன்று முறையும் அந்த ஆள் தம் வேலையை விட்டு வந்து சேர வேண்டியிருக்கின்றது. குதிரையின் வயிற்று அமைப்பே அவருடைய நாளை மூன்று துண்டாக வெட்டுகிறது என்பதைக் கூலி கொடுப்போர் நினைவிற் கொள்வது நலம்.

கணக்கு ஒன்று காண்க. இரண்டு மட்டக்குதிரைகள் உள்ள லாயம் எனக் கொள்க. விடியற்காலையில் லத்தி அள்ளி, தரையைக் கூட்டி, தண்ணீர் காட்டி, புல்லும் ஊறவைத்த கொள்ளும் வைத்து, நான்கு குளம்புகளையும் தூக்கிக் கல்லும் சேறும் நீக்கி, முதுகில் சேணப்புண் உண்டா என்று தடவிப் பார்க்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும். மாலையிலும் அவ்வளவே. நடுப்பகலில் தண்ணீரும் புல்லும் வைக்க அரை மணி. ஆக மூன்று மணி நேரம். அவர் வீடு லாயத்திலிருந்து இருபது நிமிஷ நடைத் தூரமாயின், மூன்று முறை வந்து போக இரண்டு மணி நேரம் சேரும். மொத்தம் ஐந்து மணி. எட்டு மணி நேரம் ஒரு நாள் வேலை எனக் கொண்டால், அவ்வூரில் வழங்கும் நாட்கூலியில் எட்டில் ஐந்து பங்கு வருகின்றது.

ஆனால் இதுவும் முழுக் கணக்கு அன்று. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களுக்குக் கவாத்து வேலைக்குச் செல்லும் ஆட்கள் விடியுமுன் வண்டி ஏறுகின்றனர். லாயத்தில் காலை வேலையை முடித்தவர் அவ்வண்டியைத் தவறவிடுகிறார். நடுப்பகலில் மறுபடியும் வர வேண்டியிருப்பதால் உள்ளூரிலும் வேறு வேலை ஏற்க இயலாது. மீதி மூன்று மணி நேரம் அவர் கையில் இருந்தும் பயன்படுவதில்லை. ஆதலின் மூன்று முறை வருபவருக்கு முழு நாட்கூலி கொடுப்பதே நியாயமாகும். லாயத்தை ஒட்டியே குடியிருந்து, காலையும் மாலையும் மட்டும் பார்த்து, பகல் வேலைக்கும் போய்வரக் கூடியவருக்கு அரை நாட்கூலி தகும். அதற்குக் குறைத்துப் பேசுவது எவ்வாற்றானும் பொருந்தாது.

பொதி நடத்திச் செல்வது வேறு வேலை. லாயக் கூலியோடு அதைக் கலத்தல் கூடாது. சுமைப் பிராணிகளைப் பற்றி 1965ஆம் ஆண்டில் ஏற்பட்ட விதிகளின்படி மட்டக்குதிரை மீது 70 கிலோகிராமுக்கு மேல் ஏற்றலாகாது. நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், இடையில் ஓய்வின்றி 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலைக்கு விடுவதும் தவறு. குதிரைக்கு இவ்வளவு வரையறை உண்டு. அதை நடத்துபவரோ அதற்கு முன் எழுந்து சேணம் கட்டி, அது நின்ற பின் உடம்பைத் தேய்த்துத் தீனி வைத்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறார். பொதிக்கு இவ்வளவு என்று மட்டும் கூலி பேசுமிடத்தில் அந்த முன்பின் நேரம் ஒருவர் கணக்கிலும் ஏறுவதில்லை. பொதிக் கணக்கில் கூலி பேசினால் அதிகச் சுமை ஏற்றும் ஆசையும் வளரும். அதனால் முதலில் கெடுவது உடையவரின் குதிரையே.

அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையிலிருந்தோ பிற இடங்களிலிருந்தோ புதிதாக வாங்கிவந்த, இன்னும் பழகாத குதிரைக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் அபாயமும் உண்டு. புண்ணுக்கு மருந்து கட்டுவது, வயிற்று வலியுள்ள பிராணியோடு இரவெல்லாம் விழித்திருப்பது ஆகியவற்றுக்குத் தனிக் கூலி தருவது முறை. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய லாடம், லாடக்காரரின் தொழில். பார்த்துக்கொள்ள வந்தவரிடம் அதை ஏவுவது தகாது. திருவிழா நாளில் உடையவர் கோயிலுக்குப் போக, அதே அம்மனைக் கும்பிட வேண்டிய மற்றொருவர் லாயத்தில் நிற்கிறார். அந்நாளுக்கு இரட்டைக் கூலி கேட்டால் முகம் சுளிக்க இடமில்லை.

லத்தியைப் பற்றியும் ஒரு சொல். "எருவை நீயே எடுத்துக்கொள்" என்று சொல்லிக் கூலியைக் குறைப்பது சில இடங்களில் வழக்கம். குதிரை எரு நல்ல எருவே. ஆனால் நிலமில்லாத ஒருவருக்கு அதனால் என்ன பிரயோஜனம்? விருப்பமுள்ளவர் எடுத்துக்கொள்ளட்டும், கூலிக்கு ஈடாக அதை எழுதுதல் கூடாது. லத்தி அள்ளும் வேலைக்குப் பெண்களை வைத்து, பெண் என்னும் காரணத்தால் குறைத்துக் கொடுப்பதும் காணப்படுகின்றது. ஒரே வேலைக்கு ஆண் பெண் இருவர்க்கும் ஒரே கூலி என்பது 1976ஆம் ஆண்டிலேயே சட்டமாயிற்று; 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே கூறுகின்றது.

உதைபட்டால் வைத்தியச் செலவு குதிரை உடையவரைச் சேர்வதே நேர்மை. லாய மண்ணிலும் லத்தியிலும் ரண ஜன்னிக்குரிய கிருமி இருப்பதால், வருபவர் அதற்குரிய ஊசி போட்டிருக்கிறாரா என்று முன்னரே விசாரித்து, இல்லையெனில் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்க வேண்டும். புல், கொள்ளு வாங்கும் பணத்தை உடையவர் முன்னதாகவே வைத்துச் செல்ல வேண்டும். கூலிக்கு வந்தவர் தம் கைப்பணத்தைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும்படி விடலாகாது. ஐந்து நாளுக்குப் பேசிவிட்டு மூன்றாம் நாளே உடையவர் திரும்பிவிட்டால், மீதி இரு நாளுக்கும் பாதிக் கூலியேனும் கொடுத்தல் வேண்டும். அந்நாட்களுக்கு வந்த வேறு வேலையை அவர் மறுத்திருப்பாரன்றோ?

இவை யாவும் அரைத்தாள் சீட்டு ஒன்றில் அடங்கும். நாட்கள், வரும் வேளைகள், கூலி, கொடுக்கும் நாள், ஒவ்வொரு வேளைக்கும் தீனியின் அளவு, குதிரையின் கெட்ட பழக்கங்கள் ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கிராம உத்தியோகஸ்தர் ஒருவர் படித்துக் காட்டுவது உசிதம். உடையவரின் தொலைபேசி எண்ணையும், கால்நடை ஆம்புலன்ஸை அழைப்பதற்குரிய 1962 என்னும் எண்ணையும் அதன் அடியில் பெரிய எழுத்தில் குறித்து, ஒரு பிரதியை லாயக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுக. நள்ளிரவில் குதிரை படுத்துப் புரளத் தொடங்கினால், வைத்தியரை அழைக்க உடையவரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்றும், அச்செலவு அவருடையதே என்றும் அச்சீட்டில் ஒரு வரி இருக்கட்டும்.